பேக்கிரவுண்ட் சர்வீஸ் படுத்துவிட்டதா? கவலை வேண்டாம்

காலை ஐந்து மணி தைராய்டு மாத்திரைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு ஆப் ஏழு மணிக்கு, அதுவும் காபி குடித்து முடித்தபின் மணியடிக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் புலம்புகிறாரா? "என் போனில் சரியாக அடிக்கிறதே" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை. உங்கள் போன் நாள் முழுக்க யூஎஸ்பி கேபிளில் தொங்குகிறது. சார்ஜ் ஏறும் போன் 'டோஸ்' தூக்கத்துக்குப் போகாது. அவருடையதோ ராத்திரி முழுக்கக் கேபிள் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து அலமாரியில் கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் போனில் சாதாரண அலாரங்களைத் தள்ளிப்போடும் வழக்கம் 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது.

தயவுசெய்து இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் பேட்டரி அன்ப்ளக்' என்று அடித்தால், கேபிள் செருகியிருக்கும்போதே போன் ஏமாந்துவிடும். திரையை அணைத்துவிட்டு 'டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில்' கொடுத்தால் உடனே தூங்கிவிடும். குட்டு உடைந்துவிட்டால் சாயங்காலம் வரை என்ன செய்வீர்கள்? அப்படியே அடித்துத் தொலைத்தாலும் 'பேட்டரி ரீசெட்' கொடுக்க மறந்துவிடுங்கள். சார்ஜர் போச்சு என்று அரை நாள் ஓட்டலாம்.

லாக்கேட் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வொர்க்மேனேஜரிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை கேட்டால், அது லாகில் ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு 15 நிமிடமாக மாற்றிக்கொள்ளும். படிக்காதவருக்குக் கடைசிவரை நிம்மதி.

ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் என்றால் நிதானம் முக்கியம். ஆண்ட்ராய்டு 8 முதல், அதைக் கிளப்பிய ஐந்து நொடிக்குள் நோட்டிபிகேஷனைக் காட்டவேண்டும். நீங்கள் டேட்டாபேஸைத் திறந்து, டோக்கனைப் புதுப்பித்து, சர்வரை நலம் விசாரித்துவிட்டு அப்புறம் காட்டுங்கள். ஆப் கிராஷ் ஆகும். பழியை போன் கம்பெனிமேல் போட்டுவிடலாம். (சில கம்பெனிகள் பேட்டரி மிச்சம் என்ற பெயரில் கண்ட ஆப்பையும் கொல்வது உண்மைதான். அதனால்தான் இந்தப் பழி எப்போதும் எடுபடுகிறது.) ஸ்டார்ட்-ஸ்டிக்கியை மட்டும் விபூதிபோல் எல்லா சர்வீஸுக்கும் பூசிவையுங்கள்.

வாடிக்கையாளர் இன்னமும் விடவில்லையா? "செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் அழுத்துங்கள் சார், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடுங்கள். ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்பில், அவராக மறுபடி திறக்கும்வரை ஒரு அலாரமும் அடிக்காது.