கோவைக் கடற்கரையில் வாடகைக் குடியிருப்பு: ஒரு திணை ஆய்வு

கோயமுத்தூருக்குக் கடல் இல்லை என்பது பள்ளிக்கூடப் புவியியல் புத்தகங்கள் பரப்பிவிட்ட கருத்து. அரபிக் கடல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கிறது, ஊரோ கடல் மட்டத்துக்கு மேல் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே இல்லை என்று அவை முடித்துவிடுகின்றன. எழுதியவர்கள் அத்தனை பேரும் சொந்த வீட்டுக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்து பார்த்தவர்கள் யாரும் இந்த ஊரை நெய்தல் நிலத்திலிருந்து தள்ளிவைக்க மாட்டார்கள். தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்ற முப்பொருளைக் கொண்டே இதை நிறுவலாம்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலத்துக்குச் சான்று காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கு நேரே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கடல் காற்று அதற்குள் புகுந்து கோவையைத் தாண்டிப் போய்ப் பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. அந்த வாசல் வழியாகக் காற்று மட்டும் வரவில்லை. வெள்ளலூரில் 1842இல் ஒரு குவியலாக ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. மேலைக் கடற்கரையில் இறங்கிய பணம் இங்கே வந்துதான் புதைந்திருக்கிறது. யாருடைய அட்வான்ஸ் என்று இன்றுவரை தெரியவில்லை.

பொழுதிலும் ஐயமில்லை. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம். கோவை வீட்டு ஓனர்கள் தொல்காப்பியத்தை விடாமல் பின்பற்றுகிறவர்கள். டூலெட் போர்டு பார்த்துப் போன் செய்தால், "சாயங்காலமா வாங்க தம்பி" என்றுதான் பதில் வரும். அந்த நேரத்தில் சன்னலைத் திறந்தால் காற்று வரும். காலையில் போனால் பொதுக் கக்கூசுக்கு முன்னால் நிற்கும் வரிசையும் தெரிந்துவிடும்.

நிலத்தின் நெருக்கம் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் பைக்காரா மின்சாரம், அதன்பின் மில்லுக்கு மேல் மில். வேலைக்கு வந்தவர்கள் தங்க வரிசை வரிசையாக அறைகள் எழும்பின. சுற்று வட்டாரக் கிராமத்தில் ஆசாரம் என்னும் கூடமும் பொடக்காலி என்னும் புழக்கடையும் வைத்து வாழ்ந்த குடும்பம் இங்கே ஒரு சமையலறைக்கும் ஒரு படுக்குமிடத்துக்கும் சுருங்கியது. அட்டாலி என்னும் பரண் மட்டும் தப்பியது. ஊரிலிருந்து கொண்டுவந்த போசிப் பாத்திரங்கள் அத்தனையும் அதன்மேல் ஏறின, இன்னும் இறங்கவில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒற்றைச் சுவர். பக்கத்து வீட்டு மிக்சி ஓடும் சத்தத்தை வைத்தே அன்றைக்குத் தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா என்று சொல்லிவிடக்கூடிய அறிஞர்கள் இவ்வரிசைகளில் உண்டு.

இனிக் கருப்பொருள். உப்பைவிடத் தெளிவான நெய்தல் கருப்பொருள் கிடையாது. கோவையில் வீடு பார்க்கப் போகிறவர் கூரை, தரை, பூட்டு எதையும் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்பார். பின்வரும் உரையாடல் சிறு மாறுதல்களோடு ஊர் முழுக்க நடப்பது.

"தண்ணியெல்லாம் எப்படிங்க்கா?"

"அதுக்குக் கவலையே வேண்டாங் கண்ணு. உப்புத் தண்ணி இருவத்திநாலு மணி நேரமும் வரும். நல்ல தண்ணி வரப்ப மட்டும் புடிச்சு வெச்சுக்கோணும்."

"எப்பங்க்கா வரும்?"

"அது வரப்ப தெரியும் சாமி."

நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. அணை கேரளத்தில் இருக்கிறது, 1973 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. நமக்கு. பில்லூர் அணைத் தண்ணீர் வரும் பகுதியிலும் ஓனர் சிறுவாணி என்றே சொல்வார், குடியிருப்பவரும் உறவினர்களிடம் அப்படியே சொல்வார். இதில் இருதரப்புக்கும் எழுதப்படாத உடன்பாடு உண்டு. வராத நாட்கள், வரும் நாள், நள்ளிரவில் திடீரென்று குழாய் சீறும் நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்தால் கடலின் ஓத அட்டவணை ஒன்றே தயாராகிவிடும். ஓதம் ஏறும் இரவில் வரிசை மொத்தமும் எழுந்துகொள்ளும். குடம், அண்டா, பிள்ளையின் ஸ்கூல் தண்ணீர் பாட்டில் எல்லாம் நிறையும். கடைசி வீட்டுக்காரர் வாளியோடு வரும்போது ஓதம் இறங்கியிருக்கும்.

உப்புத் தண்ணி போர்வெல்லில் இருந்து வருவது. வேதியியலார் இதைச் சமையல் உப்பு அல்ல, பாறையிலிருந்து கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும் என்பார்கள். குடியிருப்பவருக்கு அந்த வேறுபாட்டால் பயனில்லை. குழாயின் மூக்கில் வெள்ளைப் படலம் கட்டுகிறது, ஷவரில் நாலு துளை மட்டும் நாலு திசைக்குப் பீய்ச்சுகிறது, ஹீட்டர் கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு வளர்கிறது. அதில் துவரம் பருப்பை வேகவைத்தால் விசில் எத்தனை அடித்தாலும் பருப்பு பருப்பாகவே இருக்கும். எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்தபின் அதன்மேல் ஒரு உப்பளம் தெரியும். மாதம் ஒருமுறை எலுமிச்சை மூடியால் குழாயைத் தேய்ப்பவர்களை நெய்தல் நிலத்து உமணரின் தலைகீழ் வழித்தோன்றல்கள் என்று கொள்ளலாம். அவர்கள் உப்பை விற்றார்கள், இவர்கள் வந்த உப்பைச் சுரண்டிப் போடுகிறார்கள்.

மீன் இல்லாத நெய்தல் உண்டா என்று எதிர்வாதம் வரும். வாதிடுபவர் விடியும் முன்னால் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போய் வரட்டும். இரு கடற்கரையிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் மத்தி, அயிலை, சங்கரா எல்லாம் வந்திறங்குவது சுமார் 320 ஏக்கர் உக்கடம் பெரியகுளத்தின் பக்கத்தில்தான். மீன் கரையேறும் இடம் கடற்கரை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கருப்பொருளில் மக்களும் அடக்கம். இந்த இடத்தில் ஆய்வு கொஞ்சம் தடுமாறுகிறது. நொய்யல் குளங்களின் கரையில் உண்மையாகவே குடியிருந்தவர்கள் இருந்தார்கள். முத்தண்ணன்குளக் கரையிலும் வாலாங்குளக் கரையிலும் வீடுகள் இடிக்கப்பட்டன, மலுமிச்சம்பட்டிக்கும் கோவைப்புதூருக்கும் கீரணத்தத்துக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்த இடம் ஊருக்கு நடுவிலேயே இருந்துவிட்டது. பஸ் செலவுதான் புதிதாகச் சேர்ந்தது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கரைகளுக்கு நடைபாதையும் விளக்கும் வந்தன, வாலாங்குளத்தில் படகும் வந்தது. இப்போது கரை அழகாகத்தான் இருக்கிறது, மாலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன். ஆனால் எதிர்ச் சாரியில் வாடகை கேட்டால் ஓனர் முதலில் "லேக் வியூங்க" என்கிறார். ஆகாயத்தாமரையும் சாக்கடை வாடையும் இருந்த காலத்தில் அதே சன்னலை மூடி வைக்கச் சொன்னவர் அவர். குளக்கரையில் குடியிருப்பது ஆக்கிரமிப்பு, குளத்தைப் பார்த்தபடி குடியிருப்பது வசதி. இடையில் ஒரு ரோடுதான்.

உரிப்பொருள் இரங்கல். தலைவன் பொருள்தேடிக் கடல்மேல் போக, தலைவி கரையில் நின்று வருந்துவது பழைய மரபு. கோவையில் பிரிந்துபோவது அட்வான்ஸ். பத்து மாத வாடகையைக் கொடுத்துவிட்டுக் காலி செய்யும் நாள்வரை அது நலமாக இருக்கிறதா என்று நினைத்து வருந்துவது குடியிருப்பவர் ஒழுக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு உடன்பாடு" எந்த வீட்டிலும் இல்லாமல் போனதாகத் தகவல் இல்லை. அட்வான்ஸ் திரும்பும்போது மெலிந்துதான் திரும்பும். பெயின்ட் காசு ஒரு மாதம், கரண்ட் பாக்கி, அனுமதியில்லாமல் அடித்த ஆணி. உப்பு ஏறிய குழாயையும் நம் கணக்கில் சேர்த்த ஓனர் ஒருவரை எனக்குத் தெரியும். உப்பு அவருடைய போர்வெல்லில் இருந்து வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். "அனுபவிச்சது நீங்கதானுங்க" என்றார்.

நமக்கெல்லாம் ஒப்பந்தம் பதினொரு மாதம். ஓராண்டுக்கு மேற்பட்டால் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்துக்குப் பயந்து பிறந்த கணக்கு அது. புதுச் சட்டம் எல்லா ஒப்பந்தத்தையும் பதியச் சொன்ன பிறகும் போகவில்லை. ஊரில் இதைவிட நீண்ட வாடகைக் குடித்தனம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் உட்பட எட்டுக் குளங்களைக் கோவை மாநகராட்சி 2010இல் பொதுப்பணித் துறையிடமிருந்து 90 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆக இந்தக் கடற்கரை மொத்தமுமே வாடகைக்கு இருக்கும் ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் நடைபாதை போட்டிருக்கிறார், விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார், ஆணி அடித்ததற்குக் கணக்கே இல்லை. 2100இல் காலி செய்யும்போது குத்தகை கொடுத்தவர்கள் பெயின்ட் காசு பிடிப்பார்களா என்பதை அப்போதைய ஆய்வாளர் பார்த்துக்கொள்ளட்டும்.