ஞாபகமறதிக்கு ஒரு அரசாங்கம்

1994இல் நெட்ஸ்கேப் கம்பனிக்கு ஒரு தலையிடி. இணையத்துக்கு ஞாபகசக்தி இல்லை. கூடையில் சாமானைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் வந்த ஆள் யாரென்றே மறந்துவிடும். லூ மொன்டுல்லி என்ற இளைஞர் அதற்கு மருந்தாகக் ‘குக்கி’யைச் செய்தார். அடுத்த வருடம் அமேசன் கடை திறந்தது. கொஞ்ச நாளில் மேற்கில் குய்யோ முறையோ: ‘ஐயோ, எங்களைப் பின்தொடர்கிறார்கள்!’

போர் நடந்த அந்த நாட்களில் வன்னிக்குள் ஒரு ரோச் பற்றரி போவதற்கே தடை. வர்த்தகம் அவ்வளவுதான். ஆனால் ஆட்களைப் பதிவதில் நாங்கள் சிலிக்கன் பள்ளத்தாக்குக்கே மூத்த ஆட்கள். வவுனியாவுக்குள் தங்க ஒருநாள் பாஸ், ஒருவாரப் பாஸ், ஒருமாதப் பாஸ். வன்னியை விட்டு வெளிக்கிடப் புலிகள் இயக்கத்திடமும் பாஸ். திரும்பி வருவார் என்று பிணை நிற்க இன்னொரு சீவன். 2009இல் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை அரசாங்கம் முள்வேலிக்குள் வைத்துப் பதிந்தது. பிறகு இராணுவத்தினர் வீடு வீடாக வந்து குடும்பத்தோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். சம்மதமா என்று கேட்கவில்லை. கையில் துவக்கு இருந்தது.

இத்தனையும் பதிந்தவர்களிடம் ஒரு பட்டியல் மட்டும் இல்லையாம். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் தாய்மார் கையில் பிடித்துக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகளின் பட்டியல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு 2019இல் இராணுவம் சொன்ன பதில்: எங்களிடம் ஒருவரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடம்தான் சரணடைந்தார்கள். அப்படியென்றால் அன்று சீருடையோடு நின்று பெயர் எழுதியவர்கள் கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தர்களாக்கும்! பசளை மானியத்துக்குப் பதிகிறார்கள் என்று அந்தத் தாய்மார்தான் விளங்கிக்கொள்ளாமல் விட்டார்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அந்தத் தாய்மார் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் குந்தினார்கள். புலனாய்வுக்காரர் வந்து முகம் முகமாகப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களில் ஒன்றாவது தொலைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தெற்காசியாவிலேயே நாங்கள்தான் முதல் என்று கொழும்பில் ஒரே பெருமை. தன்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்க ஆளாளுக்கு உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். தேசியப் பாதுகாப்பு என்று வந்தால் விலக்கு. உரிமை அந்தத் தரவுக்கு உரிய ஆளுக்குத்தானே. ஆகவே ஒப்படைக்கப்பட்ட பிள்ளையே நேரில் வந்து, அடையாள அட்டைப் பிரதியோடு, தான் எங்கே என்று கேட்டு விண்ணப்பிக்கட்டும்.