நாற்காலி போனபின் வந்த சொரணை

அம்மா இட்லி சாப்பிட்டார், சட்னி சாப்பிட்டார் என்று போன வருஷம் நாங்கள் சொன்னதெல்லாம் பொய். எங்களில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. மக்கள் மன்னித்துவிட வேண்டும். 2017 செப்டம்பரில் மதுரைப் பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து இப்படிப் பேசியவர், அன்றைக்கு வனத்துறை அமைச்சராக இருந்த திண்டுக்கல் சீனிவாசன்.

ஊரே இட்லியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாநிலத்தின் அமைச்சர்கள் 75 நாள் ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். ஜெயலலிதா என்ற அந்த அம்மையாருக்காக மண்சோறு தின்றவர்கள், பால்குடம் எடுத்தவர்கள், காவடி தூக்கியவர்கள், அவர் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனால் வானத்தைப் பார்த்து இடுப்பை வளைத்தவர்கள். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட, ‘எங்கள் தலைவியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன்’ என்று அந்தக் கதவைத் தட்டத் துணிச்சல் வரவில்லை. கதவுக்கு உள்ளே இருந்தவரிடம் விசுவாசம். கதவை மூடியவரிடம் பயம். ஜெயித்தது பயம்.

சீனிவாசன் மன்னிப்புக் கேட்ட சில நாளில், செல்லூர் ராஜு முறை. நாங்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம் என்றார் அவர். இருவரும் ஒரே அமைச்சரவை. ஒருவர் சொன்னது உண்மையென்றால் இன்னொருவர் பொய்யர். அதற்குப் பிறகும் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பட்ஜெட்டுக்கு மேசை தட்டினார்கள். (அதே ஆண்டு ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க செல்லூர் ராஜு தெர்மாகோல் மிதக்கவிட்டதும், அது கொஞ்ச நேரத்தில் கரை ஒதுங்கியதும் நினைவிருக்கும். தெர்மாகோலைக் குறை சொல்ல முடியாது. காற்றடித்த பக்கம் போவதை அது ஊரறியச் செய்தது, யாரிடமும் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ளவில்லை.)

மதுரைக்காரர்களுக்கு வட்டிக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இவர்கள் காலில் விழுவதும் கந்துவட்டிக்கு விடுகிற மாதிரிதான். முதல் நெடுஞ்சாண்கிடை. வட்டி பதவியாக வரும், ஒப்பந்தமாக வரும், மகனுக்கு சீட்டாக வரும். வட்டி ஒழுங்காக வருகிற வரையில் முதுகு வலிக்காது. நின்ற அன்றைக்குத்தான், ‘ஐயோ, என்னைக் குனிய வைத்துவிட்டார்களே’ என்ற கூப்பாடு கிளம்பும்.

பெரியகுளத்து ஓ.பன்னீர்செல்வத்தின் கணக்கைப் புரட்டினால் இது புரியும். மூன்று முறை முதலமைச்சர். 2001இலும் 2014இலும் நீதிமன்றத் தீர்ப்பால் காலியான நாற்காலிக்குக் காவல். 2014 செப்டம்பர் 29 அன்று கண்ணீரும் கம்பலையுமாகப் பதவியேற்றார். அமைச்சர்களும் சேர்ந்து அழுதார்கள். ஆளுநர் மாளிகையில் நடந்தது பதவியேற்பா எழவு வீடா என்று தொலைக்காட்சி பார்த்தவர்களுக்குக் குழப்பம். 2016 அக்டோபரில் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியபோது மேசையில் அம்மாவின் படம் இருந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் கீழ் நடக்கும் கூட்டத்தில் ஒரு புகைப்படம் தலைமை தாங்குவதை அவர் அவமானமாக நினைக்கவில்லை. சட்டத்துக்கு வேண்டுமானால் அவமானமாக இருந்திருக்கலாம். சட்டத்துக்கு யார் சீட்டுக் கொடுக்கப்போகிறார்கள்?

கட்சிக்காரர்கள் அவரைப் பரதன் என்று கொண்டாடினார்கள். ராமாயணத்துப் பரதன் பாதுகையை வைத்து ஆண்டான், சரி. ஆண்டு முடித்தபிறகு, என்னை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று போய்த் தியானத்தில் உட்கார்ந்ததாகக் கம்பரும் பாடவில்லை, வால்மீகியும் பாடவில்லை.

இந்தப் பரதன் உட்கார்ந்தார். 2017 பிப்ரவரி 5 அன்று ஜெயலலிதாவின் தோழி சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராக முன்மொழிந்தவர் இவர். தாமே முதலமைச்சர் பதவியை விட்டு விலகிக் கடிதம் கொடுத்தவரும் இவர். பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் சுமார் 40 நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து, என்னைக் கட்டாயப்படுத்தினார்கள், அவமானப்படுத்தினார்கள் என்றார். பதினாறு வருஷம் குனிந்தே இருந்த முதுகு நாற்பது நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: நாற்காலி போயிருந்தது.

யார் அவமானப்படுத்தினார்கள் என்றால், அங்கேயும் மதுரை. அவருடைய அமைச்சரவையில் வருவாய்த் துறையை வைத்திருந்த திருமங்கலத்து ஆர்.பி.உதயகுமார். அம்மா அடக்கமாகி இரண்டு வாரம்கூட முழுசாக ஆகாத 2016 டிசம்பரில், சின்னம்மா சசிகலாதான் முதலமைச்சராக வேண்டும் என்று கட்சியின் ஜெயலலிதா பேரவை பெயரில் தீர்மானம் போட்டு முதலில் குரல் கொடுத்தவர். முதலமைச்சர் ஒருவர் உயிரோடு நாற்காலியில் இருக்க, அவருக்குக் கீழே இருக்கிற மந்திரி வேறொருவரை முதலமைச்சராக்கச் சொல்கிறார். முதுகெலும்பு உள்ள முதலமைச்சர் அன்று மாலையே அந்த மந்திரியை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பன்னீர்செல்வம் பொறுத்தார். வட்டி இன்னும் வந்துகொண்டிருந்ததே!

அடுத்து கூவத்தூர். மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர்கள் கடற்கரைச் சொகுசு விடுதியில் அடைந்து கிடந்தார்கள். சசிகலாவின் காலைத் தொட எடப்பாடி பழனிசாமி தரையோடு தரையாகப் போன காணொளியை நாடே பார்த்தது. அது தவழ்தலா வணக்கமா என்று அவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அந்தக் காலுக்கு உரியவர் சிறைக்குப் போனார், தொட்ட கை கோட்டைக்குப் போனது, பிறகு கட்சியின் கதவு காலுக்கு மூடப்பட்டது. போட்ட முதலை ஒரே தவணையில் வசூல் செய்த ஆள் தமிழக வரலாற்றில் வேறு யாருமில்லை.

பன்னீர்செல்வம் மெரினாவில் தொடங்கிய தர்மயுத்தம் என்னவாயிற்று? 2017 ஆகஸ்ட் 21 அன்று துணை முதலமைச்சர் பதவியில் முடிந்தது. அம்மாவின் சாவில் மர்மம், விசாரணை வேண்டும் என்று அவர் கேட்டாரே, ஆறுமுகசாமி ஆணையம் வந்தது. அழைப்பாணை மேல் அழைப்பாணை போய், 2022 மார்ச்சில் ஒருவழியாகச் சாட்சி சொல்ல வந்தார். தனக்கு எதுவும் தெரியாது என்றார். சசிகலா மேல் தனிப்பட்ட முறையில் மரியாதை உண்டு என்றார். யுத்தத்தைத் தொடங்கியவருக்கே யாரை எதிர்த்து யுத்தம் என்று தெரியவில்லை. அவரை நம்பி மதுரையிலும் தேனியிலும் சொந்தக்காரனோடு, பங்காளியோடு சண்டை போட்டுப் பேச்சை அறுத்துக்கொண்ட தொண்டனைக் கேளுங்கள், அவனுக்கு எல்லாம் தெரியும்.

உதயகுமார் சும்மா இருக்கவில்லை. திருமங்கலம் பக்கம் டி.குன்னத்தூரில் எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் கோயிலே கட்டிவிட்டார். 2021 ஜனவரி 30 அன்று எடப்பாடியும் பன்னீர்செல்வமும் வந்து திறந்து வைத்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் பெங்களூரில் சசிகலாவின் தண்டனைக் காலம் முடிந்திருந்தது. முதலமைச்சராக வாருங்கள் என்று யாரை முதன்முதலில் கூப்பிட்டாரோ அவருக்கு அந்தக் கோயிலில் ஒரு துவாரபாலகி இடம்கூட ஒதுக்கவில்லை. செத்தவர்களுக்குக் கோயில் கட்டுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. தெய்வம் எழுந்து வந்து, ‘நேற்று யார் காலில் கிடந்தாய்?’ என்று கேட்காது.

2022 ஜூன் 23 வானகரம் பொதுக்குழுவில் பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. ஜூலை 11 அன்று கட்சியைவிட்டே நீக்கினார்கள். அவரிடமிருந்த எதிர்க்கட்சித் துணைத் தலைவர் பதவியை எடுத்து யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? ஆர்.பி.உதயகுமாருக்கு. பேரவையில் எடப்பாடிக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் கைக்கு வராமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. 2024 பிப்ரவரியில் அதுவும் வந்து சேர்ந்தது.

பசும்பொன் தேவர் சிலைக்கு 2014இல் ஜெயலலிதா கொடுத்த தங்கக் கவசம் மதுரை வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் கட்சியின் பொருளாளர் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். 2022இல் பொருளாளர் நான்தான் என்று இரண்டு தரப்பும் வந்து நிற்க, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவசத்தை ராமநாதபுரம் வருவாய் அலுவலரிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஒரே தலைவிக்காக ஒன்றாகக் கண்ணீர் விட்டவர்களுக்கு, அவர் கொடுத்த நகையைத் தொடுவதற்கு நீதிபதியின் உத்தரவு தேவைப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தக் கையெழுத்து திண்டுக்கல் சீனிவாசனுடையது. இட்லிக்கு மன்னிப்புக் கேட்ட அதே சீனிவாசன்தான்.

2023 ஆகஸ்ட் 20 அன்று வலையங்குளத்தில் மாநாடு. எடப்பாடிக்குப் ‘புரட்சித் தமிழர்’ பட்டம். தொண்டனுக்குப் புளியோதரை. சாப்பிட ஆளில்லாமல் அது மறுநாள் மைதானத்தில் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்த படத்தைப் பத்திரிகைகள் போட்டன. சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். அந்தப் புளியோதரையில் உப்பு சரியாக இருந்திருக்க வேண்டும்; தின்றால் சொரணை வந்துவிடும் என்று பயந்து ஒதுக்கியிருப்பார்கள்.

2024இல் ராமநாதபுரத்தில் பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். பலாப்பழம் சின்னம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அதே ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் இன்னும் சிலர். மூன்று முறை முதலமைச்சராக இருந்த மனிதர் ஊர் ஊராகப் போய், அவர்களில் நான் எந்தப் பன்னீர்செல்வம் என்று விளக்க வேண்டியிருந்தது. இரண்டாம் இடம் வந்தார். 2025 ஜூலையில் தமிழகம் வந்த பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டார், கிடைக்கவில்லை, மாதக் கடைசியில் பா.ஜ.க. கூட்டணியிலிருந்து வெளியேறினார். வட்டி நின்றுபோன இன்னொரு கடன்.

இதையெல்லாம் படித்துவிட்டு தி.மு.க. உடன்பிறப்புகள் தொடையைத் தட்டிச் சிரிக்க வேண்டாம். உங்கள் கதை அடுத்து வருகிறது. 2023 மே மாதம் மதுரை மத்தியத் தொகுதிக்காரர் பழனிவேல் தியாகராஜனிடமிருந்து நிதித்துறை போனது, தகவல் தொழில்நுட்பம் வந்தது. ஒரு குரல் பதிவு வெளியாகி, அது தன்னுடையதல்ல என்று அவர் மறுத்துக்கொண்டிருந்த நேரம். துறை போன அன்றைக்கு அவர் முதலமைச்சருக்கு நன்றி சொன்னார். கடந்த இரண்டு ஆண்டுகள்தான் வாழ்க்கையிலேயே நிறைவானவை என்றார். வெளிநாட்டில் படித்து, வங்கிகளில் வேலை பார்த்து வந்தவர். அங்கே தரையில் படுக்க மாட்டார்கள், அறிக்கை விடுவார்கள். வேட்டியில் மண் ஒட்டாது.

மு.க.அழகிரி காலத்து மதுரையை மறந்துவிட்டீர்களா? ‘அஞ்சாநெஞ்சன்’ இல்லாத சுவர் உண்டா? மத்திய அமைச்சர், தென்மண்டலச் செயலாளர், திருமங்கலம் இடைத்தேர்தல் நாயகர். பிறந்த நாளுக்கு வரிசையில் நின்று சால்வை போட்டவர்கள், 2014 மார்ச்சில் அவரைக் கட்சியிலிருந்து நீக்கிய பிறகு எந்தச் சந்து வழியாகத் தம்பி ஸ்டாலின் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. 2018இல் அப்பா கலைஞர் இறந்த பிறகு, சேர்த்துக்கொண்டால் ஸ்டாலினைத் தலைவராக ஏற்கத் தயார் என்று அவரே சொல்லிப் பார்த்தார். சேர்த்துக்கொள்ளவில்லை.

இவர்கள் ஒருவரையொருவர் தின்று தீர்ப்பதோடு விஷயம் முடிந்திருந்தால், பாப்கார்ன் வாங்கிக்கொண்டு பார்த்துவிட்டுப் போயிருப்பேன். விசுவாசத்துக்குத் தீ வைக்கவும் தெரியும். 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்ததும், தருமபுரியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் இருந்த பேருந்தைக் கொளுத்தினார்கள். மூன்று பெண் பிள்ளைகள் கருகிச் செத்தார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட மூன்று பேரை 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி விடுதலை செய்தார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு எந்த நூற்றாண்டில் என்ன சலுகை கிடைத்தது?

2007 மே 9 அன்று மதுரை. தினகரன் நாளிதழில் ஒரு கருத்துக்கணிப்பு. கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்ற கேள்விக்கு ஸ்டாலின் பெயருக்கு 70 சதவிகிதம், அழகிரி பெயருக்கு 2. உத்தங்குடியில் இருந்த பத்திரிகை அலுவலகத்துக்குள் விசுவாசிகள் புகுந்தார்கள், அடித்து நொறுக்கினார்கள், பெட்ரோல் குண்டு வீசினார்கள். உள்ளே இருந்த இரண்டு கணினிப் பொறியாளர்களும் ஒரு காவலாளியும் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அந்தக் கணிப்பை எடுத்தவர்கள் இவர்கள் மூவரும் இல்லை. அச்சிட முடிவு செய்தவர்களும் இல்லை. சம்பளத்துக்கு வேலைக்கு வந்தவர்கள்.

ஒன்றரை ஆண்டில், 2008 டிசம்பரில், பத்திரிகையை நடத்தும் குடும்பமும் கலைஞர் குடும்பமும் சமாதானமாகின. கண்கள் பனித்தன, இதயம் இனித்தது என்றார் பெரியவர். அந்த மூன்று வீடுகளின் கண்ணை யாரும் விசாரிக்கவில்லை. 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுவித்தது. மூன்று பேரும் தாங்களாகவே செத்துப்போனதாகக் கணக்கு. பிறகு ஒன்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தீர்ப்போடுதான் இந்த ஊர் குடித்தனம் நடத்தியது.

2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. யாருக்கு இரண்டு சதவிகிதம் என்று அச்சானதற்காகக் கொதித்துத் தீ வைத்தார்களோ, அவரைக் கட்சி நீக்கி அப்போது ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.