ரீட்மீயில் என் பெயர்

எக்ஸ்பிரஸ் என்றொரு கட்டற்ற மென்பொருள். நோட்.ஜேஎஸ் கொண்டு இணையதளம் கட்டுகிறவர்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. 2010-இல் வெளிவந்தது, இன்று வாரத்துக்குக் கோடிக்கணக்கான முறை பதிவிறக்கம் ஆகிறது. 2024-இன் தொடக்கத்தில் நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் அதன் பக்கத்துக்கு இந்திய மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் பங்களிக்க வந்தார்கள். திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயைத் திறந்தார்கள். தங்கள் பெயரைத் தட்டினார்கள். சிலர் கல்லூரிப் பெயரையும் சேர்த்தார்கள். ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பங்களிப்பு இனிதே நிறைவடைந்தது.

மாணவர்களைத் திட்டாதீர்கள். வாத்தியார் சொன்னதைத் தட்டாமல் செய்த தங்கமான பிள்ளைகள் அவர்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவிக்கு யூடியூபில் பாடம் எடுத்த ஒரு புண்ணியவான், செய்முறை காட்டுவதற்கு எக்ஸ்பிரஸையே திறந்து வைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். பார்த்ததை அப்படியே செய்தார்கள். சித்தன்னவாசல் பாறையில் ஆணியால் காதலி பெயரைக் கீறுகிறவனுக்காவது, அது தப்பு என்று தெரியும். காவலாளி தலை தெரிந்தால் ஓடுவான். இங்கே கீறியதை ரெஸ்யூமேயில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பொத்தானை அழுத்திய பிறகு அந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று எந்தப் பாடத்திலும் காட்டுவதில்லை. நான் சொல்கிறேன். அந்தத் திட்டத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு போகும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் சம்பளமில்லாமல் இதைப் பராமரிக்கும் ஒருவர், ஏதோ பிழையைத் திருத்தித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நம்பித் திறப்பார். பச்சை நிறத்தில் ஒரே ஒரு வரி. முன்னால் ஒரு கூட்டல் குறி, பின்னால் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர். மூடுவார். அடுத்ததைத் திறப்பார். அதிலும் ஒரு பெயர். இப்படி வருகைப் பதிவேடு எடுப்பதற்கா அவர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்?

இந்தக் கூத்துக்கு 2020-லேயே ஒத்திகை நடந்துவிட்டது. டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 2014 முதல் அக்டோபர்தோறும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பங்களிப்புப் போட்டியை நடத்திவந்தது. 2020-இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் முதல் 70,000 பேருக்கு டி-ஷர்ட். துணி வேண்டாதவர் பெயரில் ஒரு மரம். அப்போதும் ஒரு யூடியூப் செய்முறையைப் பார்த்துப் பலர், சம்பந்தமே இல்லாத திட்டங்களின் ரீட்மீயில் ஒரு புகழ்ச்சொல்லைச் செருகி அனுப்பித் தள்ளினார்கள். பராமரிப்பாளர்கள் கொதித்த பிறகு, அக்டோபர் பிறந்த சில நாட்களிலேயே விதி மாறியது: விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு. அதாவது, அடுத்தவர் உழைப்பின் மேல் போட்டி நடத்துவதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற ஞானம் பிறக்க ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

துணிக்குக் காசு இருந்த இதே துறையில்தான், இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருள் பிச்சையெடுத்தது. உலகத்தின் பாதி இணையம் அதன் பூட்டை நம்பி வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தது. 2014-இல் அந்தப் பூட்டில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தபோதுதான், அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பதும் தெரிந்தது. புதியவருக்குப் பாடம் எழுத அங்கே யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

திட்டக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. வாசலில் ‘அனைவரும் வருக’ என்று எழுதியிருக்கும். நம்பி உள்ளே போனால், நிறுவல் வழிகாட்டியின் மூன்றாவது கட்டளையிலேயே திரை சிவந்துவிடும். அதை எழுதியவர் தன் கணினியில் எப்போதோ நிறுவி முடித்தவர், மறுபடி ஓட்டிப் பார்த்ததே இல்லை. கேட்டால் ‘ஆவணத்தைப் படி’ என்று பதில் வரும். அந்த ஆவணத்தைப் படித்ததால்தானப்பா கேட்கிறான்! புதியவர்களுக்கு ஏற்றது என்று ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ சீட்டு ஒட்டிய வேலைக்குக் கீழே இருபது பேர் ‘சார், எனக்கு ஒதுக்குங்கள்’ என்று வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கும் பதில் இருக்காது. சில மாதம் கழித்து பாட் என்ற தானியங்கி நிரல் ஒன்று வந்து, ‘நடமாட்டம் இல்லை’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகும்.

வெட்கப்பட்டுத் திருந்தியவர்களும் உண்டு. 2006-இல், மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து கட்டற்ற மென்பொருளில் வேலை செய்யவைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்காக (ஜிசாக்) க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன; ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. பெண்களுக்கென்றே தனிப் பயிற்சியை அந்த ஆண்டே தொடங்கினார்கள். பின்னால் அது அவுட்ரீச்சியாக வளர்ந்தது. மூன்று மாத வேலை, கையில் உதவித்தொகை, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு வழிகாட்டி. மெதுவாக நடக்கிற காரியம், செலவும் பிடிக்கும். ஆள் பெயர் தெரிந்து கற்றுக்கொடுப்பதென்றால் வேறு எப்படி நடக்கும்?

நம் பாடத் தயாரிப்பாளர்களுக்கு அதெல்லாம் ஆகாது. ‘ஜிசாக் கிராக் செய்வது எப்படி’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு தம்ப்னெயில் போதும். கிட் கற்றுக்கொள்ள இணையமே தேவையில்லை. கல்லூரி ஆய்வகக் கணினி ஒன்றில் ‘கிட் இனிட் பேர்’ என்று ஒரு வெற்றுக் களஞ்சியம் போட்டால், வகுப்பே அதில் அடித்துத் திருத்தி மோதி விளையாடலாம். புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பழகத்தான் வேண்டுமென்றால், அதற்காகவே ‘ஃபர்ஸ்ட் கான்ட்ரிபியூஷன்ஸ்’ என்று கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம் இருக்கிறது. பெயர் எழுதுவதே அங்கே பயிற்சி. ஆனால் அதில் என்ன கிக் இருக்கிறது? உலகப் புகழ்பெற்ற மென்பொருளில் நம் பையன் பங்களித்துவிட்டான் என்று பிளேஸ்மெண்ட் ஆபீசர் பேனர் அடிக்க முடியாதே.

இந்த வெள்ளத்துக்குப் பிறகு பராமரிப்பாளர் கையில் இருப்பது கிட்ஹப் கொடுத்திருக்கும் ஒரு பொத்தான்: ஏற்கெனவே பங்களித்தவர்களைத் தவிர வேறு யாரும் சில காலம் வாய் திறக்க முடியாது. அதை அழுத்துகிறார். உண்மையாகவே ஒரு பிழையைக் கண்டுபிடித்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்தி, சோதனையும் எழுதி வைத்திருக்கும் மாணவி வெளியே நிற்கிறாள். அவளுக்கும் ஒரு வீடியோ தயாராகிக்கொண்டிருக்கும்: ‘உங்கள் புல் ரிக்வெஸ்ட் ஏன் ஏற்கப்படுவதில்லை? பத்தே நிமிடத்தில்! லைக் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க.’