பாதி நாள் குடியிருப்பவனின் முழுக்கட்டண விண்ணப்பம்

அனுப்புநர்: சென்னையில் பாதியும் கொடைக்கானலில் மீதியுமாகக் காலம் தள்ளுபவன்
பெறுநர்: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புதுடெல்லி
பொருள்: பூட்டிய வீட்டுக்குள் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவி, இணையம் தொடர்பாக

பெருமதிப்புக்குரிய ஆணையத்தாருக்கு,

1997-ல் சட்டம் போட்டு உங்களை உண்டாக்கிய நாள்முதல் நுகர்வோரைக் காத்து வருகிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நுகர்வோர் என்றால் யார் என்பதில்தான் சந்தேகம். உங்கள் விதிகளில் இரண்டே வகை மனிதர்களைத்தான் பார்க்க முடிகிறது. ஆண்டு முழுக்க சோபாவை விட்டு எழாதவர் ஒருவர், இணைப்பே வாங்காதவர் மற்றொருவர். போவதும் வருவதுமாக இருப்பவன் உங்கள் கணக்கில் பிறக்கவே இல்லை. பில் மட்டும் அவன் பெயருக்குத் தவறாமல் வந்துவிடுகிறது.

கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. மாமனார் கட்டியது. பங்களா என்று நினைத்து வயிறெரிய வேண்டாம். இரண்டு அறை, ஓட்டுக்கூரை, காய்க்க மறந்த ஒரு பேரிக்காய் மரம். சீசனில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், மற்ற நாளில் எலிகள். எலிகள் இதுவரை எந்த சேனலும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு மலையேறிக் கதவைத் திறந்ததும் நடக்கும் சடங்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். டிவியைப் போட்டால் திரையில் ஒரு பிழை எண் வரும். ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்டது என்பது அதன் பொருள். பணம் கட்டினால் படம் வரும். பணம் கட்ட இணையம் வேண்டும். இணையம் எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும், அதுவும் கையை உயர்த்திப் பிடித்தால், வரும். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாகத் தொட்டியருகே நின்று பணம் கட்டிவிட்டு உள்ளே வந்தால், பிழை எண் அப்படியே இருக்கும். மறுபடி தொட்டி. கால் சென்டர் பெண் பாசத்தோடு பேசுவார்: "பேமென்ட் வந்திருச்சு சார். பாக்ஸ் ரொம்ப நாளா ஆஃப்ல இருந்திருக்கு. ஹெவி ரெஃப்ரெஷ் அனுப்புறேன். அரை மணி நேரம் ரிமோட்டைத் தொடாதீங்க." தொடமாட்டோம். அந்த அரை மணி நேரத்தில்தான் என் வீட்டம்மாவின் சீரியலில் யாராவது யாரையாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

படம் வந்தபின் மழை வரும். டிடிஎச் பயன்படுத்தும் கேயு பேண்ட் அலைக்கு மழை ஆகாது என்பது இயற்பியல். அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். டிஷ்ஷைக் குரங்கு திருப்பிவிட்டுப் போவதும் உங்கள் அதிகார எல்லைக்கு வெளியேதான். சரிசெய்யும் ஆள் வத்தலக்குண்டிலிருந்து திங்கட்கிழமைதான் ஏறுவார். நாங்கள் ஞாயிறு மாலையே இறங்கிவிடுவோம். இந்த ஏற்பாட்டில் நாங்களும் அவரும் இன்றுவரை நேரில் சந்தித்துக்கொண்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் புதிய கட்டண முறை கொண்டுவந்தீர்கள். பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு என்று நாடே கொண்டாடியது. கூடவே நெட்வொர்க் கெபாசிட்டி கட்டணம் என்று ஒன்று வந்தது. 100 சேனல் வரை அதிகபட்சம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. அடுத்த ஆண்டு அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று தாராளம் காட்டினீர்கள். 2024-ல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று நிறுவனங்களிடமே விட்டுவிட்டீர்கள். ஒரு சேனலும் பார்க்காத மாதத்துக்கும் இந்தக் கட்டணம் உண்டு.

2020 திருத்தத்தில் இன்னொரு கருணையும் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால், அதற்கு இந்தக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றீர்கள். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் இரண்டு டிவி பார்த்தால் சலுகை. ஒரே ஆள், சென்னையில் இருக்கும்போது ஒன்று, கொடைக்கானலில் இருக்கும்போது ஒன்று என்று ஒரு நேரத்தில் ஒரே டிவி பார்த்தால் இரண்டு முழுக்கட்டணம். செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் மயிலாப்பூரும் வில்பட்டியும் ஒரே வீட்டின் ஹாலும் சமையலறையும்தான். உங்கள் விதிக்கு மட்டும் கண்பார்வை கொஞ்சம் கூர்மை.

இதற்கு மக்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் டிஷ்ஷை வைத்துவிட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றிக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போகிறார்கள். வேலை செய்யும். ஆனால் எங்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனம், விண்ணப்பத்தில் எழுதிய முகவரியில்தான் பெட்டி இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. ஆக, கொடைரோடு டோல்கேட்டில் நான் கடத்தல்காரன்.

தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி 2017 விதிகளிலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, படித்தேன். முன்கூட்டியே கேட்க வேண்டும். நிறுத்துவதும் மாதக் கணக்கில்தான். லீவு கிடைத்ததும் புதன்கிழமை தீர்மானித்து வெள்ளிக்கிழமை கிளம்புகிற குடும்பத்துக்கு இது, ஜலதோஷம் பிடிக்கப்போவதைப் பதினைந்து நாள் முன்பே டாக்டரிடம் எழுதிக்கொடுக்கச் சொல்வதைப் போல.

மாதக் கணக்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. செல்போன் நிறுவனங்களின் மாதத்துக்கு 28 நாள். ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். ஆடி, ஆவணி எல்லாம் முடிந்தபின் அவர்களுக்கு மட்டும் ஒரு மாதம் கூடுதலாகப் பிறக்கிறது. 2022-ல் நீங்கள் கண்டித்து, 30 நாள் திட்டம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும் என்றீர்கள். ஒன்று வைத்தார்கள். மற்ற மாதத் திட்டங்கள் பெரும்பாலும் 28-லேயே நிற்கின்றன.

மலை வீட்டு மோடத்தில் ஒரு சிம் போட்டு வைத்திருந்தேன். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாவிட்டால், எண்ணைத் துண்டித்துவிடலாம் என்பது உங்கள் விதி. சீசனுக்கும் தீபாவளிக்கும் நடுவே அந்த சிம் அமைதியாக உயிர்விட்டது. ஃபைபர் போட்டால் என்ன என்று விசாரித்தேன். சின்னத் திட்டமானாலும் பன்னிரண்டு மாத வாடகை கட்ட வேண்டும். போதாக்குறைக்கு எங்கள் சாலையில் ராத்திரி உலாவும் காட்டெருமைகள், தாழத் தொங்கும் ஒயரில் கொம்பைத் தேய்த்துக்கொள்கின்றன. செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் அரசு உரிமம் கொடுத்திருக்கிறது. வானத்திலிருந்து வருவதாவது காட்டெருமைக்கு எட்டாது. அதுவும் மாதம் எத்தனை நாள் என்று கணக்குப் போடும் என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

இணையம் ஆடம்பரம், மலைக்குப் போனால் மலையைப் பாருங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் அறிய: 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டி கொடைக்கானலுக்கு ஏற இ-பாஸ் வேண்டும். மலைக்குப் போகவே இணையம் வேண்டும். போய்ச் சேர்ந்தபின் இருக்கக்கூடாது என்றால் எப்படி?

இதில் ஒரு வேடிக்கை. ஒரு காலத்தில் மதுரை, திண்டுக்கல், தேனி முழுக்கத் தூர்தர்ஷன் தெரிந்ததே கொடைக்கானல் கோபுரத்தால்தான். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஆண்டெனாவை மலைப்பக்கம் திருப்பி, "தெரியுதா?" "இல்ல, புள்ளி புள்ளியா வருது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அன்று சமவெளிக்கெல்லாம் படம் அனுப்பிய மலையில் இன்று நான் தொட்டியருகே நின்று அதே கேள்வியைக் கத்துகிறேன்.

போவதும் வருவதுமாக இருப்பவனை மனிதனாக மதிக்கும் ஒரே ஏற்பாடு டிடி ஃப்ரீ டிஷ். 2004-ல் தொடங்கியது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. எத்தனை நாள் பூட்டியிருந்தாலும் போட்டதும் வரும். பொதிகையாக இருந்து 2024-ல் பெயர் மாறிய டிடி தமிழ் அதில் உண்டு. வீட்டம்மாவின் சீரியல் அதில் இல்லை என்பதால் மட்டுமே இந்தக் கடிதம் தேவைப்பட்டது.

மின்வாரியத்தைத் திட்டாத ஆள் தமிழ்நாட்டில் இல்லை. அவர்களிடம்கூட ஒரு நேர்மை இருக்கிறது. வீடு பூட்டியிருந்தால் மீட்டர் சுற்றாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீட்டுக்குக் கட்டணமும் இல்லை.

மலையில் வீடு வைத்திருப்பவனின் கொழுப்பு இது என்று கோப்பை மூடிவிடாதீர்கள். கொழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களை விடப் பெரிய கூட்டம் ஒன்று இதே வரிசையில் நிற்கிறது. பெரிய பையன் வீட்டில் நான்கு மாதம், சின்னவன் வீட்டில் நான்கு மாதம், மிச்சம் சொந்த ஊரில் என்று வாழும் தாய் தகப்பன்மார். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கட்டட வேலைக்கு நகரத்துக்கு வந்து, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திரும்புகிறவர்கள். வருடத்தில் சில வாரமே திறக்கிற செட்டிநாட்டு வீடுகளின் சொந்தக்காரர்கள். இவர்கள் எல்லோரும் பார்க்காத படத்துக்குக் காசு கட்டுகிறார்கள், அல்லது கட்டாமல் விட்டு ஒவ்வொரு முறையும் பெட்டியை எழுப்பத் தவம் கிடக்கிறார்கள்.

கேட்பது பெரிதில்லை. செல்போனில் ஒரு நாள் டேட்டா பேக் விற்கிறார்களே, அதேபோல டிவிக்கும் வீட்டு இணையத்துக்கும் நாள்கணக்கில் ஒரு கட்டணம் வையுங்கள். ஒரே வீட்டின் இரண்டாவது டிவிக்குக் கொடுத்த அந்த 40 சதவீதச் சலுகையை, ஒரே பெயரில் இருக்கும் இரண்டாவது வீட்டுக்கும் கொடுங்கள். காட்டெருமையை நாங்களே சமாளித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டு முழுக்கட்டணம் கட்டும் ஒரே ஆள்

பி.கு.: பதில் எழுதுவதானால் சென்னை முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். மலை வீட்டில் மின்னஞ்சல் திறக்காது.