தூக்குதாடை ஹெல்மெட் தெரிவியல்: தாதர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தலை ஒன்றே ஆயினும் அதன்மேல் கவிழ்க்கத் தக்கன பலவாதலின், அவற்றுள் எதைத் தெரிந்தெடுப்பது என்னும் வினா, தாதர் கிழக்கிலிருந்து மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று நாள்தோறும் இருசக்கர வண்டியில் போய்த் திரும்பும் மும்பைத் தமிழரிடையே நெடுங்காலமாக ஆராயப்படாமலே கிடந்து வந்துள்ளது. ஆராயாமலே அவர்கள் ஹெல்மெட் வாங்கி வந்தனர் என்பதும், வாங்கியது பெரும்பாலும் தலைக்குப் பொருந்தியே இருந்தது என்பதும் ஆய்வுலகம் கண்டும் காணாதிருந்த அவலங்கள். இவ்விரண்டையும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாடுலர் ஹெல்மெட்டாவது, தலையையும் தாடையையும் ஒருங்கே மூடும் முழுமுகக் கவசமாக இருந்துகொண்டே, தாடைப்பட்டை என்னும் முன்பகுதி மட்டும் ஒரு பொத்தானை அழுத்தியதும் இருபுறக் கீல்களில் சுழன்று நெற்றிக்கு மேலேறும் அமைப்பினது. தாராவிப் பக்கத்துக் கடைகளில் "அண்ணாச்சி, மூஞ்சி தூக்குற ஹெல்மெட்டு இருக்கா?" என்று கேட்டால் உடனே எடுத்து வைப்பர். ஆய்வாளர் இதனைத் 'தூக்குதாடை' என வழங்குவர். அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது என்பதே அக்கலைச்சொல்லின் தகுதிக்குச் சான்று.

இதன் வரலாறு அறிஞர்கள் விரும்பும் அளவுக்குத் தொன்மையானதன்று. 1935இல் டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டபோது அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர், பின்னர் போர்க்காலத்தில் வண்டியில் செய்தி கொண்டு போன படைவீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் ஒரு கட்டுரை வெளியிட, தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதற்கு அதுவே அடிப்படையாயிற்று. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் நிறுவனம் முழுமுகக் கவசத்தைக் கொணர்ந்தது. 1981இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ, ஷூபெர்த் நிறுவனத்தார் செய்தளித்த தாடை தூக்கும் ஹெல்மெட்டை 'சிஸ்டம்' என்னும் பெயரில் விற்றது. ஐரோப்பியப் போர்வீரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முகமூடியைத் தூக்கும் இரும்புக் கவசம் அணிந்திருந்தனர் என்பது உண்மையே. இக்கருவி சங்க காலத்திலேயே தமிழரிடம் இருந்தது என நிறுவ முனைவோருக்காக இப்பத்தியின் கீழ் அரைப்பக்கம் வெற்றிடம் விடத் திட்டமிடப்பட்டிருந்தது. ஆயின் அவர்களுக்கு அரைப்பக்கம் போதாது என அறியவந்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நிறம் பற்றிய இயல் முழுமையும் இங்கே தரப்படுகிறது: கருப்பு, மே மாதத்தில் சுடும்.

இனி அளவு. புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையின் புடைத்த பகுதியைத் தழுவி நாடாவைச் சுற்றினால் வருவதே தலைச்சுற்றளவு. அது 57 அல்லது 58 சென்டிமீட்டர் எனில் மீடியம், 59 அல்லது 60 எனில் லார்ஜ் என்பது பொதுவழக்கு. ஆயினும் ஒரு நிறுவனத்து மீடியம் இன்னொரு நிறுவனத்து லார்ஜாக இருப்பதுண்டு. மாட்டுங்காப் பூக்கடைகளில் மல்லிகைச் சரம் முழக்கணக்கில் விற்கப்படுகையில், முழம் என்பது அளக்கும் அம்மாளின் கையைப் பொறுத்தது என்பதை ஏற்றுக்கொண்ட சமூகத்துக்கு இது புதிதன்று. ஆகவே எண்ணை நம்பாமல் கன்னத்தை நம்புக. புதிய ஹெல்மெட் கன்னச் சதையைச் சற்றே பிதுக்க வேண்டும். கையால் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித்தோலும் கூடவே நகர வேண்டும். வாரைப் பூட்டியபின் பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டினால் கழன்றுவரக் கூடாது. கால்மணி நேரம் அணிந்தே இருந்து, நெற்றியில் ஒரே புள்ளியில் வலி எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்மணி நேரமும் கடைக்காரர் முறைத்துக்கொண்டிருப்பார்; முறைப்பு தரக்கட்டுப்பாட்டில் சேராது.

மேலோட்டின் பொருள் குறித்து இழைக்கண்ணாடி, பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். என மூன்று பெருமதங்கள் உள. உள்ளே இருப்பது மூன்றிலும் தெர்மாகோல்தான். ஒருமுறை பலத்த அடி வாங்கி நசுங்கினால் அது மீள்வதில்லை.

சாசனவியல் தனிக் கவனத்துக்குரியது. ஹெல்மெட்டின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையில் மேலே ஐ.எஸ். 4151 என்னும் தர எண்ணும், கீழே சி.எம்./எல். எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருத்தல் மரபு. மேலெழுத்து மட்டும் இருந்து கீழெழுத்து இல்லாதது போலிச் சாசனம். கல்வெட்டாய்வாளர் போலிச் சாசனத்தை இனங்காண நாற்பது பக்கம் எழுதுவர். இங்கோ உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடுவதால், இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. 2021 ஜூன் 1 முதல் இம்முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை நாட்டில் விற்கக் கூடாது என்பது அரசாணை. சாலையோரத்தில் கயிற்றில் தொங்குவன அவ்வாணையை இன்னும் படித்து முடிக்கவில்லை போலும்.

வெளிநாட்டுச் சரக்கில் வாரில் தைத்த துணித்துண்டில் வட்டத்துக்குள் இ என்னும் ஆங்கில எழுத்தும், உடன் சான்று வழங்கிய நாட்டின் எண்ணும் இருக்கும். 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. அதனருகே பி என்றிருந்தால் தாடைப்பட்டை காப்புத் தருவது. ஜே என்றிருந்தால் தாடைப்பட்டையற்ற திறந்த கவசம். பி/ஜே என இரண்டும் இருந்தால் மூடிய நிலை, திறந்த நிலை ஆகிய இரண்டிலும் சோதிக்கப்பட்டது. என்.பி. என்றிருந்தால் தாடைப்பட்டை காற்றைத் தடுக்கும், தரையைத் தடுக்காது. இந்நான்கு குறியீடுகளே மாடுலர் வாங்குவோர் அறிய வேண்டிய அனைத்தும் என்று சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்லிவிட்டால் ஆய்வு இங்கேயே முடிந்துவிடும் என்பதால் அது சொல்லப்படவில்லை.

இனித் திறப்பியல். தாடைப்பட்டையை எதன்பொருட்டுத் தூக்குவது என்னும் வினாவே இத்துறையின் உயிர்நிலை. சிக்னலில் காற்று வாங்க, குடியிருப்புக் கட்டடத்து வாட்ச்மேனுக்கு முகங்காட்ட, கண்ணாடி அணிந்தோர் கண்ணாடியை மாட்ட, 'கட்டிங்' எனப்படும் அரைக் குவளைத் தேநீர் அருந்த என நான்கு பயன்கள் ஒப்புக்கொள்ளப்பட்டவை. ஐந்தாவது பயனாகிய வடாபாவ் குறித்தே கருத்து வேறுபாடு மிகுதி. வடாபாவ் என்பது மசித்த உருளைக்கிழங்கு உருண்டையைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்து, பிளந்த பாவ் ரொட்டிக்குள் வைத்து, காய்ந்த பூண்டுச் சட்னிப் பொடி தூவித் தருவது. இது 1966இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் கடையில் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

தூக்குவாதிகள் எனப்படும் முதற்சாரார், பெட்ரோல் ரசீது ஒன்றின் பின்புறம் வரையப்பட்டு ஆசிரியர் பெயர் அழிந்துபோன 'திறவுகோல்' என்னும் சிறுநூலை மேற்கோள் காட்டி, தாடைப்பட்டையைத் தூக்கிய நிலையிலேயே வடாபாவ் உண்ணலாம் என்பர். கழற்றுவாதிகளோ, மூன்று தொகுதிகளாகத் திட்டமிடப்பட்டு முதலிரண்டு தொகுதிகளும் அணிந்துரையிலேயே முடிந்துபோன தங்கள் பேருரையை ஆதாரமாக்கி, சட்னிப் பொடி கன்னப்பஞ்சில் இறங்கி மறுநாள் வியர்வையோடு கண்ணுக்கு ஏறும் என்று மறுப்பர். இம்மறுப்புக்கு எழுந்த மறுப்பின் மறுப்பு, மறுத்தவரின் மணிவிழா மலரில், அவரே தேர்ந்தெடுத்த அவரது மாணவர்களால், அவரது முந்தைய கட்டுரைகளை மட்டுமே சான்றாகக் கொண்டு எழுதப்பட்டது. அம்மாணவர்களின் நெறியாளருக்கு இருசக்கர வண்டி ஓட்டத் தெரியாது என்பது ஆய்வின் நடுநிலைக்கு உறுதியளித்தது. கன்னப்பஞ்சைக் கழற்றித் துவைக்கலாம் என்று மலரின் அட்டையைத் தைத்தவர் சொன்னதாகத் தெரிகிறது. அவர் மேற்கோள் முறை அறியாதவர் என்பதால் கருத்து ஏற்கப்படவில்லை.

இவ்விரு சாராரையும் விஞ்சியது பரவற்கோட்பாடு. தாதர் டி.டி. என்பதிலுள்ள டி.டி. டிராம் முனையத்தைக் குறிப்பது. மும்பையின் டிராம் 1964 மார்ச் 31 அன்று தன் கடைசி ஓட்டத்தைத் தாதரில் முடித்தது. வடாபாவ் 1966இல் அதே தாதரில் தோன்றியது. தாடை தூக்கும் ஹெல்மெட் 1981இல் வந்தது. இம்மூன்றையும் காலவரிசையில் அடுக்கிய கோட்பாட்டாளர், டிராம் நின்றதால் மக்கள் வண்டி வாங்கினர், வண்டியில் போகையில் பசித்ததால் வடாபாவ் எழுந்தது, வடாபாவை உண்ண வாயிடம் தேவைப்பட்டதால் தாடை மேலேறியது எனப் பதினான்கு அரங்குகளில் ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி வாசித்தனர். வடாபாவ் தாதரில் தோன்ற, ஹெல்மெட் மட்டும் ஜெர்மனியில் தோன்றியது ஏன் என ஒருவர் கேட்டதற்கு, "அதுதான் பரவல்" என்று விடையளித்து அமர்வுத் தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவை அனைத்தும் ஒன்றினால் ஒன்று நிகழ்ந்தவை என்னும் இவ்வழி, ஹெல்மெட்டை விட்டு ஊர்ப்பெயர், குலம், இலக்கியம் முதலியவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டிருப்பது கற்றோர் அறிந்ததே.

தாடை தூக்கி உண்பது நின்ற வண்டியில் நிகழ்வதாயின் சட்னியோடு தொல்லை முடிந்தது. ஓடும் வண்டியிலும் தாடையை உயர்த்தியே செல்வோர்தாம் தாதரில் மிகுதி. திலக் பாலத்தின்மேல் மாலை ஆறுமணி நெரிசலில் நெற்றிக்கு மேல் கூடாரம் போல் தாடைப்பட்டை நிற்க, பாரம் மேலேறியதால் கழுத்து முன்னுக்குச் சாய, காற்று அப்பட்டையைப் பிடித்திழுக்க, முழுமுகக் கவசத்துக்குக் கொடுத்த காசில் பாதிமுகக் கவசத்தை அணிந்து செல்வது இவர்களின் நெறி. விழுந்தோரின் ஹெல்மெட்டுகளை ஜெர்மனியில் ஆராய்ந்த டீட்மார் ஓட்டே, அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப்பகுதியில் விழுந்ததைக் கண்டார். அப்பகுதி அவ்வேளையில் வானத்தை நோக்கியிருந்தால் அடி அதைத் தேடி மேலே போவதில்லை. ஆகவே கீலினும் பூட்டினும் செய்நேர்த்தியே விலைக்கு நியாயம்: கடையிலேயே பத்துமுறை தூக்கி இறக்கி, இருபக்கமும் 'க்ளிக்' ஒலி கேட்கிறதா, ஒரு பக்கம் மட்டும் மாட்டி மறுபக்கம் ஏமாற்றுகிறதா, பூட்டின் நாக்கு உலோகமா பிளாஸ்டிக்கா, கையுறை போட்ட ஒரு கையால் பொத்தான் அகப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கீலும் பூட்டுமே எடையைக் கூட்டுவதால் மாடுலர், அதே நிறுவனத்து முழுமுக ஹெல்மெட்டைவிடக் கனமாகவே இருக்கும்.

நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஏற்றது, காற்றைக் கிழித்துச் செல்வது என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து மயங்குவோர், பாந்த்ரா-வொர்லி கடற்பாலம், கடற்கரைச் சாலை, கிழக்கு ஃப்ரீவே, அடல் சேது ஆகிய நான்கிலும் இருசக்கர வண்டிக்கு அனுமதியில்லை என்பதை நினைவிற்கொள்ளல் நன்று. மும்பையில் கிழிக்கத் தக்க காற்று உள்ள இடமெல்லாம் காருக்கே உரியது. தாதரில் அணிவோர்க்கு வேண்டுவது ஜூலை மழையில் மூச்சாவி படியாத முகக்கண்ணாடியே. உட்புறம் ஒட்டும் பின்லாக் என்னும் இரண்டாம் படலத்துக்கு இடம் விட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குக.

எஞ்சியது பின்னிருக்கை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னிருப்போரையும் தழுவும். மீறினால் ஆயிரம் ரூபாயும் மூன்று மாத உரிமத் தடையும் என்கிறது 2019 திருத்தத்தில் வந்த 194டி. மும்பைப் போக்குவரத்துப் போலீஸார் பின்னிருக்கைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என 2022 மே மாதம் அறிவித்து, ஜூன் முதல் பிடிக்கத் தொடங்கியபின், வீட்டுக்கொரு மாடுலரும், அதனோடு கொசுறாகப் பேரம் பேசி வாங்கிய ஓட்டைத் தொப்பியும் என்னும் இரட்டை வழக்கு நிலைபெற்றது. மாடுலர் ஓட்டுபவருக்கு, தொப்பி அவர் மனைவிக்கு. இவ்வழக்கின் தோற்றம் குறித்து ஆண் ஆய்வாளர் எவரும் இதுவரை வாய் திறக்கவில்லை, தாடைப்பட்டை தூக்கியே இருந்தும். தரச்சோதனையில் ஹெல்மெட்டை மாட்டிப் போடும் மாதிரித் தலை மொட்டைத்தலை. அதில் கொண்டையும் இல்லை, கொண்டையில் இரண்டு முழம் மல்லிகையும் இல்லை. வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் பூ வாங்கிச் சூடியவுடன் எந்த அளவு பொருந்தும் என்பதைத் தாதரில் கேட்டறிய இயலவில்லை. கடைக்காரர், "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, போட்டுப் பாத்துச் சொல்றேன்" என்று கூறிவிட்டார். அவர் சொன்னதே இத்துறையின் ஆய்வுமுறையாக அமையத் தக்கது எனினும், அதற்கு நிதிநல்கை கோர வழியில்லை.