பாதி பைதான் மாப்பிள்ளை

குண்டடம் பஸ் ஸ்டாப்பில் பல்லடம் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் இவரை எளிதில் அடையாளம் காணலாம். முதுகில் லேப்டாப் பை, காதில் இயர்போன், முகத்தில் நாளை முதல் தீவிரமாக இறங்கப்போகிற களை. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். கேட்டால், "கோடிங் கத்துட்டிருக்கேனுங்க" என்பார். பல வருடமாக இதே பதில்தான்.

1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் சி மொழிப் புத்தகத்தில் 'ஹலோ வேர்ல்டை' முதல் பாடமாக வைத்தார்கள். உலகத்துக்கு வணக்கம் வைப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை. சி, ஜாவா, பைதான் என எல்லாவற்றிலும் வைத்தாயிற்று. லூப் தாண்டி ஃபங்ஷன் வரும் நேரத்தில், "இந்த மொழிக்கு இனி மவுசு இல்லையாம்" என்று எங்கிருந்தோ சேதி வந்துவிடும். புரோகிராமிங் படிய பத்து வருடமாகும் என்று 2001-இல் பீட்டர் நார்விக் எழுதியது மட்டும் இவருக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னும் அவகாசம் இருக்கிறதே!

அதே கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்த பெண், சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பழகி ஓவர்லாக் டெய்லரே ஆகிவிட்டார். அதை இவர் கவனிக்கவில்லை, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஜாப் ஒர்க் எடுக்கும் தாய்மாமன்தான் இவரை வம்பில் மாட்டிவிட்டார். "ஏம் மாப்ளே, ஒரு டீ-சர்ட்டுக்கு எத்தன கிராம் துணி புடிக்கும்னு உன்ற பொட்டி சொல்லுமா?"

நீளம், கை, மடிப்பு சேர்த்து 100 செ.மீ.; மார்பு அகலம் தையலோடு 55; முன்னும் பின்னும் இரண்டு பக்கம்; துணி 180 ஜிஎஸ்எம். பெருக்கினார். ஒரு டீ-சர்ட்டுக்கு 1,980 கிலோ என்றது பைதான்.

"யானைக்கா தெக்கறோம்?"

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. இவர் கொடுத்ததோ சென்டிமீட்டர். 10,000-ஆல் வகுக்க மறந்ததைக் கண்டுபிடிக்க நள்ளிரவாயிற்று. 198 கிராம் வந்தது. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை வலித்த பிறகு, பல வருடமாகத் தப்பித்த ஃபங்ஷனைத் தானாகவே தேடிப்போனார். ஃபைல்கள் மட்டும் 'கடைசி', 'கடைசி புதுசு', 'மாமா சொன்ன கடைசி' என்று குட்டி போட்டன. இந்தத் தொல்லைக்காகவே 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் செய்துவைத்த கிட் என்ற கருவி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது மாமாவின் நண்பரும் இதேபோல் ஒன்று கேட்டிருக்கிறார். "கட்டிங் வேஸ்ட் எத்தன பர்சென்ட் போடறதுங்க? ரிப் தனியாங்களா?" என்று விசாரித்துவிட்டு, "ரெண்டே நாள்ல முடிச்சுர்றேனுங்க" என்றார் இவர், அசல் புரொபஷனல் தோரணையில். மூன்றாவது வாரம் நடக்கிறது.